அவள் சொன்னது மட்டும்

முதல் தடவை வந்த போலீஸ்காரர்கள் டீ குடித்துவிட்டுப் போனார்கள். அந்த டீயைக் கலக்கிக் கொடுத்ததும் அடி வாங்கியவள்தான். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

புக்கிட் ரம்பாயில் எங்கள் பக்கத்து வீட்டில் நடந்தது இது. அந்த வீட்டுக்காரன் இங்கேயே பிறந்தவன், ஃபேக்டரியில் சூப்பர்வைசர். யாரைப் பார்த்தாலும் கும்பிடு போடுவான். அவளைத் தமிழ்நாட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்து ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. இந்த நாட்டு மொழியான மலாய் ஒரு வார்த்தை தெரியாது. ஒருநாள் சாயங்காலம் அவள் அலறியது சுவரைத் தாண்டிக் கேட்டது. நான்தான் போலீசுக்குப் போன் பண்ணினேன்.

வந்த இரண்டு பேருக்கும் தமிழ் தெரியாது. என்ன நடந்தது என்று மலாயில் கேட்டார்கள். அவள் முழித்தாள். அவன் உடனே, தானே கேட்டுச் சொல்வதாக முன்னால் வந்தான். "கையை முறுக்கிட்டாருங்க, செவுத்துல தலைய மோதுனாருங்க" என்று அவள் அழுதாள். அதை அவன் மலாயில் எப்படிச் சொன்னான் தெரியுமா? பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டாளாம்! புருஷன் பெண்டாட்டி அனுசரித்துப் போக வேண்டும் என்று புத்தி சொல்லிவிட்டு அவர்கள் கிளம்பினார்கள்.

நான் என் வீட்டு வாசலில் நின்று இரண்டு மொழியையும் கேட்டுக்கொண்டிருந்தேன். வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தேன்? நாளைக்கு அவன் முகத்தில் முழிக்க வேண்டுமே என்று பேசாமல் நின்றுவிட்டேன். அவன்மேல் வந்த கோபத்தில் பாதி என்மேல்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தோசை சுட்டுக்கொண்டிருந்தேன். மறுபடி அலறல். போனை எடுத்தேன்.

"திரும்பவும் வந்து டீ குடிச்சிட்டுப் போவப் போறாங்க, விடு லா" என்றார் என் வீட்டுக்காரர்.

"குடிக்கட்டும். இந்தத் தடவ நான் சும்மா இருக்க மாட்டேன்" என்றேன்.

இந்தத் தடவை வந்தவர்களில் ஒருவர் பெண். தலையில் தூடோங் முக்காடு, என் மூத்த மகள் வயதுதான் இருக்கும். அவன் வழக்கம்போலக் கும்பிட்டு, நான் சொல்கிறேன் என்று ஆரம்பித்தான். அவர் கையை நீட்டித் தடுத்தார். கூட வந்த போலீஸ்காரரோடு அவனைத் தெருவில் நிற்கச் சொல்லிவிட்டு, தமிழும் மலாயும் தெரிந்த பெண் யாராவது உண்டா என்று கேட்டார். நான் மாவுக் கையோடு ஓடினேன்.

சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு, "அவர் சொல்வதை மட்டும் சொல்லுங்கள்" என்றார் மலாயில். எனக்கு அடங்குமா? அவள் ஒரு வரி சொன்னால் நான் நாலு வரி சொன்னேன். அவன் கும்பிடு போடும் லட்சணத்தையும் சேர்த்தேன். அவர் எழுதுவதை நிறுத்தி, "இது அவர் சொன்னதா, நீங்கள் சொல்வதா?" என்றார். நாக்கைக் கடித்துக்கொண்டேன். அதன்பிறகு ஒழுங்காகச் சொன்னேன்.

எதற்குப் பயப்படுகிறாள் என்று கேட்கச் சொன்னார். அவள் குரல் உள்ளே போய்விட்டது.

"பாஸ்போர்ட்ட அவரு பூட்டி வச்சிருக்காருக்கா. வாசலத் தாண்டுனா போலீஸ் என்னையத்தான் ஜெயில்ல போடும்னு சொல்லியிருக்காரு. இவங்க என்னையப் புடிக்கத்தான வந்திருக்காங்க?"

அடப்பாவி! போன வாரம் அந்த டீயைக் கலக்கும்போதும் இந்தப் பயத்தோடுதான் நின்றிருக்கிறாள். போலீஸ் வேலை எனக்குத் தெரியாது. ஆனால், அடித்தவன் வாயால் அடிபட்டவள் கதையைக் கேட்கக் கூடாது என்பது அன்றைக்குத் தெரிந்தது.

நான் சொன்னதைக் கேட்டதும் அந்தப் போலீஸ்காரப் பெண் என்னைப் பார்க்காமல் அவளையே பார்த்துப் பேசினார்.

"உன்னப் புடிக்க வரலையாம்மா. உனக்கு உதவி செய்யத்தான் வந்திருக்காங்களாம்." அதை அப்படியே தமிழில் சொன்னேன்.

அவர் வெளியே போய் அவனிடம் பாஸ்போர்ட்டைக் கேட்டார். சாவி எங்கேயோ இருக்கிறது என்று இழுத்தான். ஐந்து நிமிடத்தில் சாவி கிடைத்துவிட்டது! அவர் பாஸ்போர்ட்டை வாங்கி நேராக அவள் கையில் கொடுத்தார். அவனை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோக வேறொரு கார் வந்தது. நாங்கள் மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் பார்த்தார், கட்டுப் போட்டார், காயங்களைப் பற்றி ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தார்.

அதன்பிறகு, இனி எங்கே தங்க விரும்புகிறாள் என்று போலீஸ்காரப் பெண் கேட்டார். நான் தமிழில் சொன்னேன். அவள் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னையா கேக்குறாங்க?"

"உன்னத்தாம்மா."

"எங்க வேணாலும் இருக்கேன்க்கா. அந்த வீடு மட்டும் வேணாம்." பாஸ்போர்ட்டை மடியில் வைத்துக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தாள். "பசிக்குதுக்கா" என்றாள்.

அப்பாடா என்றிருந்தது. என்ன சொல்கிறார் என்று போலீஸ்காரப் பெண் கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவள் சொன்னதை மட்டும் மலாயில் சொன்னேன்.