எமன் கொண்டுபோன கொயினா

ஐம்பதுகளில் கண்டாவளைப் பக்கத்துக் குடியேற்றமொன்றில் நான் டிஸ்பென்சராக இருந்தேன். கோயில் கூத்தில் எனக்கு எமன் வேடம் தந்தார்கள். ஆளும் உயரம், குரலும் பெரிது, வேறு யாருக்குக் கொடுப்பது? புருசனின் உயிரைத் திருப்பிக் கேட்டு எமனுக்குப் பின்னாலேயே காட்டுவழி நடந்து வரம் வாங்குகிற பெண்ணின் கதை அது. நான் பாசக்கயிற்றை வீசி இழுத்தபோது பெண்கள் பக்கம் ஒப்பாரியே எழுந்தது. இரண்டு நாள் என் கால் நிலத்தில் படவில்லை.

மூன்றாம் நாள், வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் வயல் செய்கிற கமக்காரன் ஒருவன் மலேரியாக் காய்ச்சலில் கிடக்கிறான் என்று தகவல் வந்தது. கொயினா மருந்துப் போத்தலோடு சைக்கிளில் ஓடினேன். அவனுடைய மனைவி, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரு வருசம்கூட ஆகாத பெண், வேலிப் படலையை இறுக்கிப் பிடித்தபடி நின்றாள்.

“அண்ணை, நீங்கள் உள்ளுக்கு வரவேண்டாம்.”

“ஏன் பிள்ளை?”

“அண்டைக்குக் கயிறு போட்டு இழுத்தனீங்கள்.”

“அது கூத்து. இப்ப மருந்து குடுக்காட்டில் ஆள் தப்பாது.”

“அப்ப, இவரைக் கொண்டுபோகமாட்டன் எண்டு வாக்குத் தாங்கோ.”

“டிஸ்பென்சர் அப்பிடி வாக்குக் குடுக்கேலாது பிள்ளை.”

“நான் டிஸ்பென்சரிட்டைக் கேக்கேல்லை.”

எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. ஊருக்கே கடிதம் எழுதிக் கொடுக்கிற படித்த பெண் பேசுகிற பேச்சா இது? உள்ளே அவன் குளிரில் முனகுவது படலைவரை கேட்டது. அவள் முகத்தைப் பார்த்தேன். எந்தக் காலத்திலோ எமனுக்குப் பின்னால் நடந்தவள் இவளேதான். பகிடியில்லை, அவளுக்கு முன்னால் நானும் வேறு ஆளாகிவிட்டேன். நாய் வேசம் போட்டால் குரைக்கத்தானே வேணும். கூத்துக் குரலை எடுத்து, “தந்தோம்” என்றேன். படலை திறந்தது.

ஒரு வேளை மருந்தைப் பருக்கி, மிச்சத்தை அவளிடம் கொடுத்துவிட்டு வந்தேன். ஆனால் என்னுடையதல்லாத ஒன்றைக் கொடுத்துவிட்ட பயம் என்னை விடவில்லை. அந்த வளவைக் கடக்கும்போதெல்லாம் சைக்கிளைவிட்டு இறங்கி, அழுகைச் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்தேன். அந்த நாட்களில் நான் கும்பிட்டது பிள்ளையாரையல்ல, எமனைத்தான். வெட்கமாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

ஒரு கிழமை கழித்து, மெலிந்துபோய், அவனே டிஸ்பென்சரி வாசலில் வந்து நின்றான்.

“அண்ணை, இண்டைக்கு மத்தியானம் எங்கட வீட்டிலைதான் சாப்பாடாம். மனிசி சொன்னவா.” தலையைச் சொறிந்தான். “மீசையை வழிச்சுப்போட்டு வரட்டாம்.”

எமன் வேடத்துக்கென்று மூன்று மாதம் எண்ணெய் பூசி வளர்த்த மீசை. மத்தியானத்துக்கு முன்னமே வழித்துவிட்டேன்.