எண் பலகையில் எழுத்து படித்தவர்

கண் ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பெயரே 'போர்டு அக்கா' என்று ஆகிவிட்டது. டாக்டரம்மா பார்ப்பதற்கு முன்னால் வருகிறவர்களை நாற்காலியில் உட்கார வைத்து, எதிர்ச் சுவரில் இருக்கும் பலகையைப் படிக்கச் சொல்லி, எத்தனை வரி படித்தார்கள் என்று சீட்டில் எழுதிக் கொடுப்பது அவள் வேலை. ஐந்தாவது வரைக்கும்தான் படித்தவள். கூட்டிப் பெருக்கத்தான் சேர்ந்தாள். பழைய டாக்டர் ஐயா ஒரு நாள், "உனக்குத்தான் பொறுமை இருக்கு, இந்தக் குச்சியைப் பிடி" என்று கொடுத்துவிட்டார். பதினெட்டு வருஷமாகக் குச்சி அவள் கையில்தான்.

நாலு நாளைக்கு முன்புதான் பலகையை மாற்றியிருந்தார்கள். பழையதில் எழுத்துகள். புதியதில் முழுக்க எண்கள். எழுத்து தெரியாதவர்களுக்கும் எண் தெரியுமே என்று டாக்டரம்மா வாங்கி மாட்டியது. ஆனால் போர்டு அக்காவுக்குப் பழக்கம் விடவில்லை. வருகிறவர்களிடம் எல்லாம் "மேலேருந்து எழுத்தைப் படிங்க" என்றுதான் வாய் வரும். சீட்டுக் கொடுக்கும் பெண், "எழுத்து எங்கக்கா இருக்கு? முதல்ல உங்களை உட்கார வச்சுப் பார்க்கணும்" என்று நாலு நாளாகக் கேலி செய்துகொண்டிருந்தாள்.

அன்று சாப்பாட்டு நேரம் முடிந்து, டாக்டரம்மா இன்னும் மாடியிலிருந்து இறங்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவர் வந்தார். நரைத்த தலை, அகலமான தோள்.

"யாரும்மா உள்ளே? வேன் ஓட்டறவங்களுக்குக் கண் சீட்டு இங்கதானே குடுக்கறீங்க?"

முகத்தைப் பார்க்கும் முன்பே குரல் சொல்லிவிட்டது.

"சிங்கம் மாமா!"

எட்டு வயதில் அவள் போன பள்ளிக்கூட பஸ்ஸின் டிரைவர் அவர். எதையும் ஓரக் கண்ணால் பார்க்க மாட்டார். தலையை முழுசாகத் திருப்பி, சிங்கம் மாதிரிதான் பார்ப்பார். அதனால் அந்தப் பெயர். பிள்ளைகள் எல்லாரும் அதே மாதிரி திரும்பிப் பார்த்து விளையாடுவார்கள். பஸ்ஸில் ஒரு கிளீனரும் உண்டு. படிக்கட்டில் தொங்கிக்கொண்டு "வலது பக்கம் மாடு, இடது பக்கம் சைக்கிள், நேரா போ நேரா போ" என்று ராகம் போட்டுக்கொண்டே வருவார். பிள்ளைகளுக்கு அது ஒரு பாட்டு. கூடவே பாடுவார்கள்.

ஒரு மழை நாள், ஆறு பொங்கித் தரைப்பாலத்தின் மேல் ஓடியது. அக்கரையில்தான் வீடுகள். இக்கரையில் இரண்டு லாரிகள் போகப் பயந்து நின்றன. அன்றைக்குக் கிளீனர் காய்ச்சல் என்று வரவில்லை. சிங்கம் மாமா வண்டியை நிறுத்தவே இல்லை. லாரிக்காரர்கள் கத்தக் கத்த, முப்பது பிள்ளைகளோடு தண்ணீருக்குள் விட்டு, அக்கரையில் ஏற்றிவிட்டார். ஊரே அவரைத் தோளில் தூக்கியது. "அவன் கண்ணுல பயமே இல்ல பாரு" என்று அவள் அப்பா சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

அன்றிலிருந்து காலையில் சாமி கும்பிடும்போது அவள் முதலில் சொல்வது மாமாவுக்காகத்தான். பிறகுதான் அம்மா, அப்பா, பிள்ளைகள். குழாய் வேலை செய்யும் அவள் வீட்டுக்காரர், "உன் பட்டியல்ல நான் எத்தனாவது?" என்று ஒரு நாள் கேட்டார். "ஏழாவது" என்றாள். "பரவாயில்ல, பூனை எட்டாவதுதானே" என்றார் அவர்.

"குரல் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கு. முகம்தான் பிடிபடலை" என்றார் மாமா.

தன் அப்பா பெயரைச் சொன்னாள். மூன்றாவது சீட்டு, ஜன்னலோரம் என்றாள்.

"அட, அழுமூஞ்சிப் பாப்பா! நீயா இவ்வளவு பெரிய ஆளாயிட்டே?"

"நாற்பத்தாறு வயசாகுது மாமா, இன்னும் பெரிய ஆளாகாம இருக்கறதா?" அவளுக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. "இன்னுமா ஓட்டறீங்க?"

"சொந்த வேன். பதினாலு பிள்ளைங்க. பள்ளிக்கூடத்துல புதுசா கண் சீட்டு கேக்கறாங்க. நீயே இருக்கே, அப்புறம் என்ன?"

அவள் அவரை நாற்காலியில் உட்கார வைத்தாள். கடவுள் தன் கையாலேயே அவருக்கு ஒரு உபகாரம் செய்ய வைத்திருக்கிறாரே என்று மனசு குளிர்ந்தது. பலகைக்குப் பக்கத்தில் போய்க் குச்சியை எடுத்தாள்.

"மேலேருந்து எழுத்தைப் படிங்க மாமா."

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். எண் என்று திருத்த வாயெடுப்பதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார்.

"ட. ப, ம. க, ர, ய. ல, வ, ந, ச..." நல்ல கணீர்க் குரல். ஒரு இடத்திலும் தடங்கல் இல்லை. கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு இரண்டு கையையும் முழங்காலில் தட்டினார்.

அவள் பலகையைப் பார்த்தாள். உச்சியில் உள்ளங்கை அகலத்துக்கு ஐந்து. அதன் கீழே இரண்டு, ஏழு. பலகை முழுக்கத் தேடினாலும் ஒரு எழுத்து கிடையாது.

"விளையாடாதீங்க மாமா" என்றாள்.

"ஏன், வேகமா படிச்சுட்டேனா? வேணும்னா கீழேருந்து மேல படிக்கட்டுமா?" படித்தும் காட்டினார். பழைய பலகையின் கடைசி வரி, அதற்கு மேல் வரி, ஒன்றுகூடத் தப்பவில்லை.

அவள் குச்சியை எடுத்து அந்தப் பெரிய ஐந்தின் மேல் வைத்தாள். "இது எத்தனை மாமா?"

"எத்தனையா?" சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றது, ஆள் மட்டும் அதற்குள் இல்லை. பிறகு குரலைத் தாழ்த்தினார். "பலகையை மாத்திட்டாங்களா?"

அவள் எதிரில் இருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"எத்தனை நாளா மாமா?"

"எடது கண்ணு பதினோரு வயசுல போச்சு, கல்லு பட்டு. வலது கண்ணும் சின்ன வயசிலிருந்தே மங்கல். கண்ணாடி போட்டா வண்டி குடுப்பாங்களா சொல்லு? எல்லா ஆஸ்பத்திரியிலயும் ஒரே பலகைதான். ஒருத்தனை விட்டுப் படிக்கச் சொல்லி மனப்பாடம் பண்ணிட்டேன். இத்தனை வருஷம் ஓடலையா? வண்டி கையில இருக்கு பாப்பா, கண்ணுல இல்ல."

"கிளீனர் பாடினது..."

"பாட்டா அது? அவன்தான் எனக்குக் கண்ணு. இப்ப உங்க அத்தை பக்கத்துல உட்கார்ந்து சொல்லிடுவா."

அவளுக்கு அடுத்த கேள்வியைக் கேட்கப் பிடிக்கவில்லை. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

"அன்னைக்குப் பாலத்துல? கிளீனர் வரலையே."

மாமா முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மழை. மண் கலர்ல ரோடு, மண் கலர்ல தண்ணி. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். நீங்க எல்லாரும் கத்தினீங்க. தினம் கத்தறதுதானேன்னு விட்டுட்டேன். காலுக்கு ஜில்லுன்னு ஏறினப்பதான் தெரிஞ்சுது. அப்ப நடுங்கின காலை ஆக்சிலேட்டர்லேருந்து எடுக்கவே முடியலை. அதான் ஏறிடுச்சு."

முப்பத்தெட்டு வருஷம். காலையில் வாயைத் திறந்து முதலில் சொன்ன பெயர். ஆற்றைக் கண்டால் நடுங்கும் தன் பிள்ளைகளிடம் எத்தனை தடவை அந்தக் கதையைச் சொல்லியிருப்பாள்! அவர் தைரியமாகத் தண்ணீரில் விட்டார் என்று அல்லவா சொன்னாள். மூன்றாவது சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த எட்டு வயதுப் பெண்ணை நினைத்து இப்போதுதான் அவளுக்கு முதல் முதலாகப் பயம் வந்தது. கடவுளே, அன்றைக்கு வண்டியை யார் ஓட்டினது?

"சரி, கடைசி வரி வரைக்கும் படிச்சாருன்னு எழுதிடு" என்றார் மாமா. "நம்ம பொண்ணுதானே நீ."

"எழுத மாட்டேன் மாமா."

"என்னது?"

"எழுத மாட்டேன்."

"எழுதாட்டி போ. கடைத்தெருவுல இன்னொரு ஆஸ்பத்திரி இருக்கு. அங்க பழைய பலகைதான். பள்ளிக்கூடம் போற வழியிலதான்." எழுந்துவிட்டார். "மூணு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டுடும். நேரமாச்சு."

மணி இரண்டே கால். அவள் கதவுக்கு முன்னால் போய் நின்றாள். "இன்னைக்கு ஓட்டாதீங்க மாமா. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

"அன்னைக்கு உன்னைக் கரை சேர்த்தவன்டி நான்! நன்றி இருக்கா உனக்கு?"

"நீங்க சேர்க்கலை மாமா. நாங்க சேர்ந்துட்டோம். அவ்வளவுதான்."

அப்படி ஒரு வார்த்தை தன் வாயிலிருந்து வரும் என்று அவளே நினைக்கவில்லை. அவர் முறைத்தார். முறைத்தது அவளை அல்ல, அவளுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கிய டாக்டரம்மாவின் வெள்ளைக் கோட்டை.

அதைப் பார்த்த பிறகு அவள் அங்கே நிற்கவில்லை. சீட்டுக் கொடுக்கும் பெண்ணிடம் "டாக்டரம்மாவை உடனே கூப்பிடு" என்று சொல்லிவிட்டு வாசலுக்கு ஓடினாள்.

வேலியோரம் மஞ்சள் வேன் நின்றது. முன் சீட்டில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். ஒல்லி உடம்பு, கழுத்து நிமிர்ந்தே இருந்தது. கதவை அவள் இறுக்கிப் பிடித்திருந்த இடத்தில் வண்டியின் பெயிண்ட் தேய்ந்து தகரம் தெரிந்தது.

"சீட்டு குடுத்தாங்களா?" என்றாள் அந்த அம்மாள்.

"இல்ல அத்தை. பலகையில இல்லாததை எல்லாம் படிச்சாரு."

அத்தை கையைப் பெயிண்ட் தேய்ந்த இடத்திலிருந்து எடுக்கவில்லை. அழுவாளோ, ஏசுவாளோ, 'என் வீட்டுக்காரரைப் பத்தி நீ யாரு சொல்ல' என்று கேட்பாளோ என்று போர்டு அக்கா காத்து நின்றாள்.

"போன வெள்ளிக்கிழமை ஒரு குழந்தை எறங்கி முடிக்கறதுக்குள்ள எடுத்துட்டாரு" என்றாள் அத்தை. "நான் 'ம்'னு இருமினேன். போலாம்னு சொல்றேன்னு நினைச்சுட்டாரு. சக்கரத்துல பை மாட்டிக்கிச்சு. பை மட்டும்தாம்மா. பை மட்டும்தான்."

அவ்வளவுதான். எட்டி, வண்டியிலிருந்த சாவியைத் திருகி எடுத்து, ஜன்னல் வழியாக நீட்டினாள். சாவி சூடாக இருந்தது.

"பள்ளிக்கூடத்துக்கு நீயே பேசும்மா. நம்பர் கதவுல எழுதியிருக்கு. எனக்கு வாய் வராது."

போர்டு அக்கா எண்ணைப் பார்த்துப் பார்த்துப் போனில் அழுத்தினாள். விரல் இரண்டு தடவை தப்பியது. எடுத்தவரிடம், மஞ்சள் வேன் இன்றைக்கு வராது, நாளைக்கும் வராது, பிள்ளைகளை அனுப்பாமல் உள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள், வீடுகளுக்குச் சொல்லி ஆள் வரச் சொல்லுங்கள் என்றாள். "ஏம்மா, டிரைவருக்கு என்ன?" என்று கேட்டார்கள். "கண்ணு தெரியாதுங்க" என்றாள்.

அவள் திரும்பியபோது மாமா ஆஸ்பத்திரி வாசற்படியின் உச்சியில் நின்றிருந்தார். பின்னால் டாக்டரம்மா.

"கிளம்பலாமா?" என்று வேன் இருந்த திசையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

அவர் ஒரு காலை முன்னால் நீட்டி, வெறும் காற்றில் துழாவி, திரும்ப எடுத்துக்கொண்டார். மறுபடியும் நீட்டினார். போர்டு அக்கா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மூணு படி இருக்கு" என்றாள் அத்தை, வேனுக்குள்ளிருந்தே. "மெதுவா எறங்குங்க. வண்டி இன்னைக்குப் போகலை."