பள்ளிச் சபைக்கு நின்ற அண்ணை

பிள்ளைகளே, அரசியல் என்றால் தொலைக்காட்சியில் கோட் போட்டவர்கள் சண்டை பிடிப்பது என்று நினைக்கிறீர்கள். எனக்கு அது முழங்கால் நோ. தொண்ணூறுகளில் சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக் கட்டடங்களில் இருந்தபோது ஒருவருக்காக நான் மாடி மாடியாக ஏறி இறங்கினேன். அவரைப் பற்றி வேறு ஒருவரும் எழுதப்போவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

உங்கள் பள்ளிக்கூடத்தில் புதிதாக வந்த பிள்ளைகளுக்கென்று ஒரு ஆங்கில உதவி வகுப்பு இருந்தது. மூத்தவள் அந்த வகுப்பில்தான் வாய் திறந்தாள். அதற்கு முதல், கழிவறைக்குப் போகவேண்டும் என்று கேட்கக்கூடத் தெரியாமல் அடக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடி வருவாள். அந்த வகுப்பைப் பள்ளிச் சபை நிறுத்தப்போகிறது என்று பெற்றோரைக் கூட்டிச் சொன்னார்கள். நாங்கள் தலையாட்டிக்கொண்டு இருந்தோம். எங்கள் கட்டடத்தில் கீழ்மாடியில் இருந்த அண்ணை மட்டும் எழும்பிப் பேசினார். ஊரில் தபால் கந்தோரில் வேலை செய்தவர், இங்கே கார் தரிப்பிடத்தில் காசு வாங்கும் கூண்டுக்குள் இருந்தார். கூட்டத்தை நடத்தியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, முடிவெடுப்பது தேர்தலில் வென்று வந்த சபை உறுப்பினர்கள் என்றார்.

எலிவேற்றரில் அண்ணை சொன்னார்: "அப்ப அந்தக் கதிரையில நாங்களும் ஒருக்கா இருந்து பாக்கத்தான் வேணும்."

அடுத்த தேர்தலில் பள்ளிச் சபைக்கு நின்றார். நான் பக்டரி வேலை முடிந்து வந்து, குளித்துவிட்டு, அவரோடு வாக்குக் கேட்கக் கிளம்புவேன். எங்கள் ஆட்களின் வீட்டைக் கண்டுபிடிப்பது லேசு. வாசலில் செருப்பு குவிந்து கிடக்கும், கறி மணக்கும். செருப்பும் மணமும் இல்லாத கதவைத் தாண்டிப் போய்விடுவோம். போன வீட்டிலெல்லாம் ராச மரியாதை.

"வாங்கோ அண்ணை, இருங்கோ. தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் போகவேணும்."

"தேத்தண்ணி கிடக்கட்டும், தங்கச்சி. வோட்டு?"

"உதென்ன கேள்வி? உங்களுக்குப் போடாமல் வேற ஆருக்குப் போடுறது!"

இத்தனை தேத்தண்ணியோடு நான் வீடு திரும்பினால் உங்கள் அம்மா கதவிலேயே நிற்பார். "இஞ்சாருங்கோ, மந்திரியின்ர வேலை முடிஞ்சுதோ? முடிஞ்சால் குப்பையைக் கொண்டுபோய்ப் போடுங்கோ."

தேர்தலுக்குக் கிட்டடியில், ஒரு தமிழ் வீட்டில் இருந்து வெளியே வரும்போது, பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு ஒரு வயதான பெண் வந்தார். கரிபியன் தீவொன்றில் இருந்து வந்தவர். பேரப்பிள்ளை உங்கள் பள்ளிக்கூடந்தான். "நீங்கள் இந்த மாடிக்கு எத்தனை தரம் வந்துவிட்டீர்கள், என் கதவை ஏன் ஒருநாளும் தட்டவில்லை?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அண்ணை மன்னிப்புக் கேட்டு நோட்டீஸை நீட்டினார். அவர் அதை வாங்கவில்லை. முன்கூட்டியே வாக்குப் போட்டுவிட்டாராம், தன்னிடம் வந்து கேட்ட மற்ற ஆளுக்கு.

அண்ணை தோற்றார். கொஞ்சநஞ்சமாக இல்லை. பிறகு விசாரித்தால், எங்களுக்குத் தேத்தண்ணி தந்தவர்களில் முக்கால்வாசிப் பேரிடம் குடியுரிமை இல்லை. குடியுரிமை இல்லாவிட்டால் வாக்கும் இல்லை. வாசலுக்கு வந்த மனுசரிடம் வாக்கு இல்லை என்று சொல்ல அவர்களுக்கு மனம் வரவில்லை. கேட்க எங்களுக்கும் தோன்றவில்லை. வகுப்பை ஒரேயடியாக நிறுத்தாமல் பாதியாகக் குறைத்தார்கள். மிச்சமும் அடுத்த சபையின் கையில் என்றார்கள். அந்தப் பாதியைக் காப்பாற்றத்தான் அண்ணை திரும்பவும் நின்றார்.

இந்த முறை எங்கள் ஆட்களிடம் குடியுரிமை இருந்தது. ஆனால் குடியுரிமை வந்த கையோடு ஒவ்வொருவராக நகர ஓரத்தில் ஸ்காபரோவில் வீடு வாங்கிக்கொண்டு போகத் தொடங்கினார்கள். அண்ணையின் தொகுதியில் வாக்குப்போட முடியாதவர்களாக இருந்தவரைக்கும் பக்கத்தில் இருந்தோம். வாக்கு வந்ததும் தொகுதியை விட்டுப் போய்விட்டோம். நாங்களும் போனோம். நீங்கள் இரண்டு பேரும் வளர்ந்துவிட்டீர்கள், ஒரு அறை காணாது.

சாமான் ஏற்றிய அன்று சோபாவின் மற்றப் பக்கத்தைப் பிடித்தது அண்ணைதான்.

"நீரும் போறீரோ தம்பி?"

"என்ன செய்யிறது அண்ணை. பிள்ளையளுக்கு இடம் வேணும்."

"ஓம், அதுவும் சரிதான். மெல்லமாத் தூக்கும், சுவரில இடிபடுது."

லொறி புறப்பட்டதும் உங்களுக்குக் கை காட்டிவிட்டு, வாசலில் வைத்திருந்த தேர்தல் நோட்டீஸ் கட்டை எடுத்துக்கொண்டு திரும்பக் கட்டடத்துக்குள் போனார். அந்த முறை அவர் தனியே எல்லாக் கதவையும் தட்டினார். பிலிப்பீன் வீடு, சோமாலி வீடு, தனியே இருந்த வெள்ளைக்காரக் கிழவர்களின் வீடு. வேலைக்கு லீவு போட்டுத் தட்டினார்.

தேர்தலுக்கு அடுத்த நாள் நான் போன் எடுத்தேன்.

"சரிவரேல்ல தம்பி. ஆனால் போன முறை மாதிரி மோசமில்ல. எங்கட ஆக்களில நாலு பேர் இருந்திருந்தாலும் வந்திருப்பன்."

"இனி வகுப்பு?" என்றேன்.

"அது போச்சு." பிறகு கேட்டார். "அங்க உங்கட பள்ளிக்கூடத்தில பெற்றோர் கூட்டம் வைக்கிறவங்களோ? போறனீரோ?"

"கூட்டம் பின்னேரம் அண்ணை. எனக்கு இப்ப இரவுச் சிப்ட்."

"ஓமோம், வேலை இருக்கும்தானே," என்றார். குரலில் கோபம் இல்லை. தனக்கும் சிப்டுக்கு நேரமாகிறது என்று சொல்லிப் போனை வைத்தார்.

அதற்குப் பிறகு அவர் எந்தத் தேர்தலிலும் நிற்கவில்லை. ஸ்காபரோவில் நீங்கள் எட்டாம் வகுப்பு முடிக்கும் வரைக்கும் நான் ஒரு பெற்றோர் கூட்டத்துக்கும் போகவில்லை. களைப்பு, பிள்ளைகளே. எல்லாருக்கும் களைப்பு.