தனகோடியின் ஒர்க் அவுட்

சேவூர் சாலையில் காலை ஆறு மணிக்கு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஆள்காட்டி விரலால் காற்றில் எழுதியபடி தனகோடி வேகமாக நடந்துகொண்டிருக்கிறார். "மூவெட்டு இருவத்தி நாலு. அத்த இந்தாண்ட கொண்டாந்தா மைனசு." டவுன் பஸ் டிரைவர் ஹாரன் அடிப்பதில்லை. ஒதுங்கிப் போய்விடுகிறார்.

வயது ஐம்பத்தாறு. பட்டுத்தறி நெய்கிறவர். நூல் அறுந்தால் முடிச்சுப் போட்டுவிட்டு அதற்கு ஒரு 'சாரி' சொல்வார். அவரிடம் ஒரு வினோதம் உண்டு: யார் எதைச் சொன்னாலும் இரண்டாம் முறை கேட்க மாட்டார். கேட்டால் தெரியாதவன் என்று நினைத்துவிடுவார்களாம்.

போன வருடம் தறியின் மிதிபலகையில் வைத்த கால் மரத்துப்போக ஆரம்பித்தது. ஆரணியில் டாக்டரைப் பார்த்தார். சின்ன வயதுப் பெண். சர்க்கரை இருநூற்று எண்பது. மாத்திரை எழுதிக்கொடுத்து, "டெய்லி அரை மணி நேரம் ஒர்க் அவுட் பண்ணணும் அங்கிள், விடக்கூடாது" என்றார்.

தனகோடிக்கு அந்த வார்த்தை நன்றாகத் தெரியும். பத்தாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் போர்டில் கணக்கை எழுதிவிட்டு, "ம், ஒர்க் அவுட் பண்ணுங்க" என்றுதான் நாற்காலியில் சாய்வார். அந்தக் கணக்கில்தான் தனகோடி முப்பத்தோரு மார்க் வாங்கித் தோற்றார். பஸ் ஸ்டாண்டில் பத்தாம் வகுப்புக் கணக்கு கைடும் கோடு போட்ட நோட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

மனைவி கற்பகம் கேட்டார். "சக்கரைக்குக் கணக்கு இன்னாத்துக்கு?"

"மனசு ஒரே நெலையில நிக்கணுமில்ல. தெரியாமயா அந்தம்மா சொல்லும்?"

மூன்று மாதம் தினமும் அரை மணி நேரம் கணக்குப் போட்டார். சர்க்கரை முந்நூற்றுப் பத்துக்குப் போனது.

"ஒர்க் அவுட் பண்றீங்களா அங்கிள்?"

"ஒரு நாளு கூட வுடலைங்கம்மா. ரெண்டு நோட்டு முடிஞ்சிபோச்சி" என்று பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார்.

டாக்டர் நோட்டைப் புரட்டினார். உதட்டைக் கடித்துக்கொண்டார். "நான் உடம்புக்குச் சொன்னேன் அங்கிள். நடக்கணும், கை காலை ஆட்டணும்." பிறகு ஒரு பக்கத்தில் விரலை வைத்து, "இது மட்டும் தப்பு. மத்ததெல்லாம் ரைட்டு" என்றார்.

திரும்பும் பஸ்ஸில், கூட வந்திருந்த கற்பகம் சேவூர் வரும்வரை சிரித்தார். தனகோடி ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தார். இரண்டு நாள் தெருவில் தலை காட்டவில்லை. "ஒண்ணும் தெரியாதவன்னு நெத்தியில எழுதி ஒட்டிக்கினாப்பல இருந்துச்சி" என்றார், பக்கத்து வீட்டுக்காரனான என்னிடம். மூன்றாம் நாள் செருப்பை மாட்டிக்கொண்டு நடக்கக் கிளம்பினார்.

ஆனால் கணக்கை விட முடியவில்லை. "அப்ப மண்டையில ஏறவே இல்ல. இப்ப தறியில ஒக்காந்துகினே ஏறுது. இன்னா பண்றது?" காலுக்கு ஒன்று, மனசுக்கு ஒன்று என்று இரண்டு ஒர்க் அவுட்டையும் ஒரே அரை மணி நேரத்தில் சேர்த்துவிட்டார். சர்க்கரை நூற்று அறுபதுக்கு இறங்கியது.

கணக்குப் பாடத்தை மட்டும் தனித்தேர்வராக எழுதப் பணம் கட்டினார். தேர்வு நாளில் வாசலில் நின்ற ஆசிரியை, "பேரன்ட்ஸ் எல்லாம் வெளிய நில்லுங்க" என்றார். தனகோடி ஹால் டிக்கெட்டை நீட்டினார். மணி அடிக்கும்வரை உட்கார, பிள்ளைகள் அவருக்கு வராந்தா பெஞ்சை விட்டுக்கொடுத்தார்களாம்.

சென்ற வாரம் முடிவு வந்தது. ஐம்பத்தெட்டு மார்க்.

அன்று மாலை இரண்டு கிலோ மைசூர்பாகு வாங்கிவந்து, தறிச் சத்தம் கேட்ட வீடுகளிலெல்லாம் ஏறி இறங்கி, ஒவ்வொரு கையிலும் ஒரு துண்டாக வைத்துக்கொண்டே போனார். எனக்குக் கொடுத்தது கடைசித் துண்டு. டப்பாவை மூடினார். நெய் மினுங்கிய விரல்களை மூக்கருகே கொண்டுபோய் ஒருமுறை ஆழமாக முகர்ந்துவிட்டு, வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டார்.