வரைபடத்தில் இல்லாத வாய்க்கால்

நான் பொய்யாக மொழிபெயர்த்தேன். தெரிந்தே செய்தேன். ஒரு வாய்க்காலை, அது ஓடிய இடத்தில் நின்றுகொண்டே, இல்லையென்று ஆக்கினேன்.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்கள் முகம் எனக்குத் தெரியாது... அதனால்தான் வாய் திறக்க முடிகிறது போலும்.

எங்கள் வீடு கள்ளக்குறிச்சியின் ஓரத்தில், ஏரிக்குக் கீழே இருக்கிறது. கல்வராயன் மலையில் பெருமழை பிடித்தால் இரண்டாம் நாள் எங்கள் ஏரி நிரம்பும். வழியும் நீர் போக ஒரு வாய்க்கால் இருந்தது. அது தூர்ந்து கிடந்த காலத்தில், சொந்த மனை இல்லாத என் அப்பா, கூலி வேலை முடிந்து வந்து, நாள்தோறும் மண் சுமந்து கொட்டி, மேடாக்கி, அதன்மேல் ஒரு வீடு கட்டினார். அந்த வீட்டில்தான் நான் படித்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள்!

அந்தப் படிப்புதான் வேலையும் கொடுத்தது. வெளிநாட்டு ஒத்துழைப்போடு நகர வெள்ளத் தடுப்புத் திட்டம் ஒன்று வந்தது. நெதர்லாந்துப் பொறியாளர் ஒருவர் தெருத்தெருவாக நடந்தார்; நான் அவருக்கு மொழிபெயர்ப்பாளன். பழைய வரைபடங்களை மட்டுமே அவர் நம்பியிருக்கவில்லை. தெருக்காரர் ஒருவர் கையில் சுண்ணாம்புத்தூள் வாளியைக் கொடுத்து, வெள்ளம் வந்த வழியே நடந்து கோடு போடச் சொல்வார். அந்தக் கோடுதான் அவருடைய வரைபடத்தில் ஏறும்.

எங்கள் தெருவில் வாளியை வாங்கியவர் குஞ்சம்மா அக்கா. கரும்பு வெட்டப் போகிறவர். எங்களுக்கு எதிரே, பள்ளத்தில் குடியிருப்பவர்.

"மார்கழி கோலங்கூட நான் இவ்ளோ நேரா போட்டதில்ல!" என்று சிரித்தபடி நடந்தார். கோடு வளைந்து வந்து எங்கள் வாசற்படியில் முட்டி நின்றது.

"இதான் சார் வாய்க்கா. ஏரி ரொம்பினா இப்டியேதான் வரும். இங்க அடைச்சிக்கினு கீது, அதான் எங்க வூட்டுல பூந்துடுது. தம்பி, உங்கப்பாரு மண்ணு கொட்டி மேடு பண்ணாரே, அதயும் சேத்துச் சொல்லு!"

தெருவே சிரித்தது. வாசலில் நின்ற அப்பாவும் சிரித்தார்.

"என்ன கோடு இது?" என்று பொறியாளர் என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார்.

வாய்க்கால் என்றால் வீடு போகும். மாற்று இடம் தருவதாகத் திட்டத்தில் எழுதியிருந்தது. அந்தப் பக்கத்தை நானே அவருக்காகப் படித்தவன்தான். ஏன் நம்பவில்லை? படித்தவனுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது அந்தப் பயம்?

"நீங்கள் கேட்டது இவருக்குப் புரியவில்லை. இது இவர் தினமும் குழாயில் தண்ணீர் பிடிக்கப் போகும் வழி" என்றேன்.

"வெள்ளம்?"

"மெயின்ரோட்டிலிருந்து வருகிறதாம்."

அவர் குனிந்து எழுதிக்கொண்டார். தாம் சொன்னது எழுத்தில் ஏறுகிறதென்று அக்கா பெருமையாகத் தலையசைத்தார்...

மெயின்ரோட்டில் பெரிய வடிகால் கட்டினார்கள். ஐப்பசியில் மலையில் மழை பிடித்தது, ஏரி வழிந்தது. புது வடிகாலில் கணுக்கால் அளவுகூடத் தண்ணீர் இல்லை! எங்கள் மேட்டில் முட்டித் திரும்பிய வெள்ளம், பள்ளத்தில் இறங்கி, அக்காவின் மண்சுவரைக் கரைத்துக் கூரையோடு சாய்த்தது. படுத்த படுக்கையாயிருந்த அவருடைய மாமியாரைக் கட்டிலோடு தூக்கியவர்களில் நானும் ஒருவன். பிழைத்துக்கொண்டார். அதை ஆறுதலாகச் சொல்லிக்கொள்ள எனக்கு என்ன உரிமை?

"அந்த வெள்ளக்காரருக்குப் புரியல போலக்குது தம்பி. நீ ஒழுங்காத்தான் சொல்லியிருப்ப" என்றார் அக்கா.

திட்டினால் தாங்கியிருப்பேன்.

"கலெக்டருக்கு ஒரு மனு எழுதிக் குடு. வாய்க்காவ வெட்டி வுடச் சொல்லு."

திருத்திக்கொள்ள ஒரு தாள் கிடைத்தது எனக்கு! எழுதினேன். வீடிழந்த அக்காவுக்குக் கூரை போட உதவ வேண்டும் என்று எழுதினேன். வாய்க்கால் என்ற சொல்லே அதில் இல்லை. ஆனால் படித்துக் காட்டும்போது, வாய்க்காலை வெட்டித் தரும்படி கேட்பதாகவே படித்தேன். அவர் கேட்டு முடித்து, திருப்தியோடு கட்டைவிரல் ரேகை வைத்தார்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு வாங்கும் வரிசையில் நின்று கொடுத்துவிட்டு வந்தார். சில வாரங்களில் தார்ப்பாய் வந்தது.

"வாய்க்கா கேட்டா தார்ப்பாய் குடுக்கறானுங்க! காதுல இன்னாத்த வெச்சிக்கினு கீறானுங்களோ!"

மறுபடியும் தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன்... அந்தச் சிரிப்புக்குள் நான் தனியாக நின்றேன்.

அப்பாவிடம் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னால் வீட்டை இடிக்க அவரே கடப்பாரையை எடுத்துவிடுவார். அது எனக்குத் தெரியும். அப்படியானால் நான் யாருடைய வீட்டைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன்?

இந்த வாரமும் அக்கா வந்தார், புதிய வெள்ளைத்தாளோடு.

"இந்த தபா நல்லா அழுத்தமா எழுது தம்பி."

எழுதினேன். இந்த முறையும் அதில் வாய்க்கால் இல்லை. படித்துக் காட்டியதில் இருந்தது. அவர் விரலை நீட்டினார். மைப்பெட்டியை நான்தான் பிடித்துக்கொண்டேன்.