ஊட்ல அம்மா வந்துகீறாங்க

எனக்கு ஏழு வயதில் பெரியம்மை வந்து போனது. முகம் முழுக்கத் தழும்பு. பெண் பார்க்க வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டு நழுவினார்கள். கடைசியில் ஒரு லாரி டிரைவர் சரி என்றார். புதுவாயலில் வீடு பிடித்து என்னைக் குடிவைத்துவிட்டு, மாதத்தில் இருபது நாள் கல்கத்தா ரோட்டில் விஜயவாடாப் பக்கம் இருப்பார். அந்த முகத்துக்கும் ஒரு மவுசு வந்தது. அறுபதுகளில், எங்கள் தெருவில் அம்மை புகுந்த வருஷம்.

தையில் தொடங்கியது, ஆடி பிறந்தும் போகவில்லை. ஒரு வீட்டில் மூணாம் தண்ணி ஊற்றி அம்மாவை வழியனுப்பி முடிப்பதற்குள் அடுத்த வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவார்கள். தெருவே தாளிப்பதை விட்டுவிட்டது. கடுகு வெடிக்கிற சத்தம் கிடையாது, மீன் வறுக்கிற வாசனை கிடையாது. பழவேற்காட்டு மீன்காரி கூடையை இறக்காமல் ரோட்டோடு போய்விடுவாள். கூழ், மோர், பழையபடி கூழ். தலை வாரக் கூடாது, "போயிட்டு வரேன்" என்று சொல்லக் கூடாது. அம்மை குத்துகிறவர் வந்தால் கதவைச் சாத்திக்கொள்வார்கள், அம்மாவுக்குக் கோபம் வருமாம். யார் வீட்டுக்குள்ளும் யாரும் நுழைவதில்லை, என்னைத் தவிர.

"அவளுக்கு வந்து போச்சு, இனிமே வராது." இதுதான் என் தகுதி. வேப்பிலையால் விசிற நான், மஞ்சள் அரைத்துப் பூச நான், சொறியாமல் கையைப் பிடித்துக்கொண்டு கஞ்சி ஊட்ட நான். பெற்றவளே வாசலில் நிற்பாள். முதல் மாதம் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். கல்யாண வீட்டில் என்னை முன்னால் நிற்க விடாதவர்கள் எல்லாம் வா வா என்கிறார்களே! நாலாம் மாதம் உட்கார்ந்தபடியே தூங்க ஆரம்பித்தேன். ஒருநாள் விழித்துப் பார்க்கிறேன், யார் வீட்டில் யாருக்கு விசிறுகிறேன் என்றே தெரியவில்லை.

ஆடியில் எனக்கு ஐந்து மாதம். முன்பே ஒன்று கலைந்து போயிருந்தது. பொன்னேரி ஆஸ்பத்திரி நர்ஸம்மா அதட்டினார். "மறுபடியும் ரத்தம் பட்டுதா இல்லையா? போய்க் காலை நீட்டிப் படு. இல்லேன்னா இதுவும் தங்காது." படுக்கத்தான் ஆசை. வாசலில் வந்து நின்று கூப்பிடுகிறவளிடம் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? எதிர் வீட்டு அக்கா மட்டும்தான் என் நிலைமை தெரிந்து, கிணற்றில் தண்ணீர் இழுத்துக் கொடுப்பாள். அவளுக்கு மூன்று வயதில் ஒரு பெண். தெருவுக்கு அம்மை வருவதற்கு முன்னெல்லாம் அது என் மடியில்தான் கிடக்கும்.

சேதி கேட்டு ஆர்.கே.பேட்டையிலிருந்து என் அம்மா பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தாள். மறுநாள் காலை பால்காரர் வந்தார்.

"நைனா, இன்னிக்கு அரைப்படி சேத்து ஊத்து. ஊட்ல அம்மா வந்துகீறாங்க" என்றேன்.

படியைப் பிடித்த கை அப்படியே நின்றது. செருப்பைக் கழற்றினார், கன்னத்தில் போட்டுக்கொண்டார். "வந்தவளுக்கே திரும்பியுமா? இன்னா கொடுமம்மா இது" என்று என் பாத்திரத்தை வழிய வழிய நிரப்பிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கூப்பிட்டுச் சொல்ல வாயெடுத்தேன். அம்மா உள்ளேயிருந்து என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"கம்முனு கெட. நெனச்சா நெனச்சிக்கினு போட்டும். அம்மா வந்தது நெசந்தானே, இதுல இன்னா பொய்யி?"

அன்றைக்கே அவள் வேப்பங்கொத்து ஒடித்து வந்து நிலையில் செருகினாள். நான் படுத்தேன். முதல் மூன்று நாள் எழுந்து சாப்பிட்டதுகூட நினைவில்லை. தெருவே நடுங்கிப் போயிருந்தது. நான் விசிறிப் பிழைத்தவர்கள் இளநீரையும் கூழையும் வாசலில் வைத்துவிட்டு ஓடினார்கள். அக்கா தினமும் குடத்தை வைத்துவிட்டு, "தாயே, அவ வயித்துல புள்ள கீது, குளுந்து போயிடும்மா" என்று கதவைப் பார்த்துக் கும்பிடுவாள். கதவுக்கு இந்தப் பக்கம் நாங்கள் இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். ஆமாம், சிரித்தோம். அம்மா முறை தவறாமல் மஞ்சளும் வேப்பிலையும் போட்டு எனக்கு முதல் தண்ணி ஊற்றினாள், இரண்டாம் தண்ணி ஊற்றினாள். மூணாம் தண்ணியை மட்டும் வேண்டுமென்றே தள்ளிக்கொண்டே போனாள், இன்னும் கொஞ்ச நாள் நான் படுத்திருக்கட்டும் என்று. என் முகத்தில் எது பழைய தழும்பு, எது புதுசு என்று யார் எண்ணிப் பார்க்கப் போகிறார்கள்?

இரண்டாம் தண்ணிக்கு மறுநாள் குடம் வரவில்லை. ஜன்னல் இடுக்கில் பார்த்தால் எதிர் வீட்டு வாசலில் வேப்பிலை. குழந்தை அழுவது கேட்டது. எழுந்து கொண்டையை முடிந்தேன். அம்மா கதவில் சாய்ந்து நின்றுகொண்டாள். 

"சின்னக் கொழந்தம்மா அது" என்றேன்.

"உன் வயித்துல கீறது இன்னா, கல்லா? அங்க போயி ராப்பகலா குந்திக்கினு இருந்தா இது தங்குமா? உனக்கு இது வேணுமா வேணாவா, சொல்லு."

வேணும் என்றேன். சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன். என்னை யாரும் கட்டிப்போடவில்லை. அம்மாவைத் தள்ளிவிட்டுப் போயிருக்கலாம், அவளுக்கு அவ்வளவு பலமெல்லாம் கிடையாது.

ஏழெட்டு நாள் அந்த அழுகை கேட்டது, பிறகு நின்றது. அம்மையில் போனால் அழக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம், அம்மா அழைத்துக்கொண்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். அதனால் அந்த வீட்டில் யாரும் சத்தம் போடவில்லை. விடிந்ததும் அக்காவின் வீட்டுக்காரர் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.

நான் போயிருந்தால் பிழைத்திருக்கும் என்று சொல்ல மாட்டேன். என் கையிலேயே இரண்டு பேர் போயிருக்கிறார்கள். ஆனால் அந்த ஏழெட்டு நாளும் வீட்டுக்காரர் வாசலோடு நின்றுவிட, உள்ளே அக்கா ஒற்றை ஆளாக இருந்தாள். மாற்றி விசிற ஒரு கை இல்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும், தெரிந்துதான் படுத்திருந்தேன்.

கார்த்திகையில் எனக்குப் பெண் பிறந்தது, நல்ல எடை, நல்ல அழுகை. தெருவில் முதல் ஆளாக அக்காதான் பார்க்க வந்தாள். குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, கன்னத்தை ஒரு விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

"நீ மட்டும் நல்லா இருந்திருந்தா அன்னிக்கு ஓடியாந்திருப்பே. உன்னத் தெரியாதா எனக்கு? நீயே எழுந்திருக்க முடியாமக் கெடந்தே, பாவம்."

அடுப்பங்கரையில் என் அம்மா பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது.

"ஆமாக்கா" என்றேன். "தலையத் தூக்கவே முடியல."