கைதட்டலுக்கு விட்ட இடம்

பேச்சாளனுக்கு முதலில் வேண்டியது குரலன்று; எங்கே நிறுத்துவது என்னும் அறிவு. அடுக்கி வந்த தொடரின் உச்சியில் ஒரு கணம் மூச்சைப் பிடித்து நின்றால், அந்த இடைவெளியில் கைதட்டல் தானே வந்து விழும். பாளையங்கோட்டையில் படித்த ஆண்டுகளில் அந்த வித்தையில் தேர்ந்திருந்தேன். என்னால் கல்லூரிக்குச் சுழற்கோப்பைகள் இரண்டு வந்தன. பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. அதே வித்தையால் நான் செய்த ஒரு காரியத்தை எழுதவேண்டியிருக்கிறது.

ஐம்பதுகளின் இறுதி. பட்டத் தேர்வின் முடிவுக்காகக் காத்திருந்த கோடை. எனக்குத் தாய்மாமன் முறையாகும் ஒருவருக்குப் புளியறைக்கு மேலே மலைத்தோட்டமும் ஆய்க்குடிச் சாலையில் தென்னந்தோப்பும் இருந்தன. வெள்ளைக்காரத் துரைமார் குதிரையேறி மூங்கில் தடைகளைத் தாண்டுவதை இளமையில் வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர் அவர். அந்த ஏக்கம் தீர, சென்னையில் குறுந்தூரப் பந்தயங்களில் ஓடி ஓய்ந்த ஒரு பெண்குதிரையை வாங்கிவந்தார். அதைத் தடை தாண்டப் பழக்கும் பொறுப்பைத் தென்காசிக்காரர் ஒருவரிடம் ஒப்படைத்தார். சென்னையில் பந்தயக் குதிரைகளை விடியலில் ஓட்டிப் பழக்கியவர்; உடல் கனத்துவிட்டதால் அந்த வேலை போய் ஊர் திரும்பியவர். முப்பது வயதிருக்கும். நான் அவரை அண்ணாச்சி என்பேன்.

மாமாவின் வாக்கு தெளிவானது. சாரல் தொடங்கியதும் குற்றாலத்தில் விருந்தினர் முன்னிலையில் ஐந்து தடைகளையும் குதிரை தாண்டவேண்டும். தாண்டினால் அதற்குத் தோப்பிலே லாயம், அண்ணாச்சிக்கு அங்கேயே நிலையான வேலை. தவறினால் குதிரை தென்காசி ரயில் நிலையத்து ஜட்கா வண்டிக்கு.

தோப்பில் அவர் பழக்கியதைப் பலநாள் பார்த்திருக்கிறேன். சுண்ணாம்பும் காவியும் பூசிய மூங்கில் ஒன்றைத் தரையில் கிடத்தி, அதைக் கடந்து நடக்கச் செய்வதற்கே ஒரு மாதம் ஆயிற்று. கழியைக் கண்டதும் பாய்ந்தோடவே அந்தக் குதிரை முயன்றது. கடிவாளத்தை இழுக்க இழுக்க அதன் வேகம் கூடியது.

"பந்தயத்துல வார இழுத்துப் பிடிச்சா, வாய அதுமேல சாச்சுக்கிட்டு ஓடணும்னு படிச்சிருக்கா தம்பி. இவள நிறுத்தணும்னா வார விட்டுரணும்" என்றார் அண்ணாச்சி. சொன்னபடியே கடிவாள வாரைத் தளரவிட்டு, சேணத்தில் கனமாக அமர்ந்து, அதன் கழுத்தோடு பேசினார். "என்னட்டி அவசரம்? ஒன்ன ஆரு வெரட்டுதா? மெல்லப் போட்டி."

குதிரை காதைப் பின்னுக்குத் திருப்பிக் கேட்டது, நடந்தது. மூன்றாம் மாதத்தில் இடுப்பளவு உயரத்தை எண்ணிவைத்த அடியோடு வந்து தாண்டியது.

குற்றாலத்து நிகழ்ச்சிக்கு ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்யும் பணி எனக்குக் கிடைத்தது. அன்று காலை அண்ணாச்சி என்னைத் தனியே அழைத்தார்.

"தம்பி, ஒண்ணே ஒண்ணு. அவ உள்ள வாரதுக்கு முன்ன எம்புட்டு வேணும்னாலும் பேசுங்க. வந்தப்புறம் மூச்சு விடக்கூடாது. சனத்தையும் கை தட்ட விட்டுராதீங்க. கூட்டம் எரைஞ்சா, பந்தயத்துக் கடைசிப் பர்லாங்கு வந்துட்டுன்னு நெனச்சிருவா."

"எனக்குத் தெரியாதா அண்ணாச்சி?" என்றேன்.

மெல்லிய தூற்றல். திடலைச் சுற்றி அருவியில் குளித்த ஈரத் தலைகளோடு பெருங்கூட்டம். கைதட்டவேண்டாம் என்று நானே கேட்டுக்கொண்டேன், கூட்டம் அடங்கியது. குதிரை முதல் தடையைத் தாண்டியது, இரண்டாவதையும் தாண்டியது. இத்தனை பேர் வாய்மூடி நிற்க, கையில் ஒலிவாங்கியோடு நானும் வாய்மூடி நிற்பது எனக்குத் தாங்கவில்லை. முந்தைய நாள் எழுதி மனப்பாடம் செய்த ஒரு தொடர் நாவில் துடித்தது. மூன்றாவது தடையைக் கடந்து குதிரை திரும்பியபோது சொன்னேன்:

"விரைவு ஒன்றையே கற்றவள், இதோ, விவேகமும் கற்றாள்!"

சொல்லிவிட்டு நிறுத்தினேன். பழக்கத்தால் நிறுத்தினேன் என்று பலநாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய். கைதட்டல் வேண்டுமென்றே நிறுத்தினேன்.

வந்தது. திடல் அதிர்ந்தது. குதிரையின் கழுத்து தாழ்ந்து நீண்டது. அண்ணாச்சி இரு கைகளையும் முன்னே நீட்டி வாரை முழுதும் விட்டதைக் கண்டேன். அவர் உதடுகள் அசைந்தன. ஆனால் அவருடைய சொல்லைவிட நான் எழுப்பிய இரைச்சல் பெரிதாயிருந்தது. குதிரை நான்காவது தடையைத் தாண்டாமல் மார்பால் முறித்துக்கொண்டு ஓடி, ஈரப் புல்லில் சறுக்கி விழுந்தது. குதிரைக்கு முழங்கால் தோல் உரிந்தது. அவருக்கு வலத்தோளின் காறை எலும்பு முறிந்தது.

மறுநாள் மாமா தோப்பு வீட்டு முற்றத்தில் எங்களை நிற்கவைத்தார்.

"என்னலே, மூணு மாசமா என்ன கிழிச்ச?"

கையைக் கழுத்தோடு தொட்டில் கட்டியிருந்த அண்ணாச்சி என்னைக் குற்றம் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பி, "தம்பி, நீங்களே சொல்லுங்க" என்றார்.

நடந்ததைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். நானோ மேடை ஏறினேன். "மூன்று மாதப் பழக்கம் மூன்று நொடிக் கைதட்டலுக்குத் தாங்கவில்லையென்றால், அது பழக்கமா, பாசாங்கா? கூட்டமே கூடாத திடலுக்கா இந்தக் குதிரை பழக்கப்பட்டது?"

மாமா சிரித்துவிட்டார். "மருமகன வக்கீலுக்குப் படிக்க வைங்கன்னு ஒங்கப்பாகிட்டச் சொல்லுதேன்."

அண்ணாச்சி தொட்டில் முடிச்சைச் சரிசெய்துகொண்டார். "சரி தம்பி. நீங்க சொன்னா அப்படித்தான் இருக்கும்" என்றார். அதில் கேலி இருந்ததா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. கேலியாக இருந்திருக்கலாகாதா என்று ஏங்கியிருக்கிறேன்.

அந்த வாரமே குதிரை ஜட்காவுக்குப் போயிற்று. அண்ணாச்சி பாவூர்சத்திரம் சந்தையில் மூட்டை சுமக்கிறார் என்று கேள்விப்பட்டேன். ஒருமுறை பேருந்திலிருந்து பார்த்தும் இருக்கிறேன். இடத்தோளில் மட்டுமே சுமை ஏற்றினார். நான் இறங்கவில்லை.

இரண்டாண்டு கழித்து, குற்றாலத்தில் ஒரு கூட்டத்திற்குப் பேசச் சென்றேன். தென்காசி நிலையத்தில் நின்றிருந்த ஒரே ஜட்காவில் ஏறினேன். குதிரையின் முழங்காலில் மயிர் முளைக்காத வடுவைக் கண்டது ஏறிய பிறகுதான். நெடுஞ்சாலையில் எதிரே ஒரு லாரி ஒலியெழுப்ப, குதிரை பாய்ந்தது. வண்டிக்காரர் எழுந்து நின்று வாரை இழுத்தார்; வேகம் கூடிற்று. சவுக்கை எடுத்தார்.

"இழுக்காதீங்கய்யா! வார விடுங்க. விட்டா நிப்பா" என்று கத்தினேன்.

நம்பாமல்தான் தளர்த்தினார். பத்தடியில் ஓட்டம் நடையாயிற்று.

"அட! ரெண்டு வருசமா இவள அடிச்சே கை ஓஞ்சுபோச்சு" என்றார் அவர் வியப்போடு. "இத ஒங்களுக்கு ஆரு சொன்னா?"

அண்ணாச்சியின் பெயரும், சந்தையில் அவர் இருக்கும் இடமும் எனக்குத் தெரியும். சொன்னால், அவர் ஏன் மூட்டை சுமக்கிறார் என்ற அடுத்த கேள்வியும் வரும். அதற்கும் விடை சொல்லவேண்டியிருக்கும்.

"யாரோ சொன்னாங்க" என்றேன்.